கோட்டைக்கு வெளியே கிடை

பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டைக்குள் இரவு தங்க யாருக்கும் அனுமதி இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்கள் பொழுது விடியத் திறந்து பொழுது சாய மூடப்பட வேண்டும் என்பது பொது விதி. 17ஆம் நூற்றாண்டில் கர்நாடக நவாபுக்குக் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் கட்டியதாகச் சொல்லப்படும் இந்தக் கோட்டையும் அப்படித்தான் மூடப்படுகிறது. சுற்றிலும் அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று நிலைகளில் ஏறும் கருங்கல் மதில்கள், உள்ளே இடிந்த அரண்மனை, நிலவறைகள். கடைசி ஆளும் வெளியேறிய பிறகு அத்தனையும் இருட்டுக்குள் போய்விடுகின்றன.

ஏறக்குறைய அதே நேரத்தில் கோட்டைக்கு வெளியே, அறுப்பு முடிந்த மக்காச்சோளக் காட்டில், இன்னொரு மதில் எழும்புகிறது. நூல் வலையும் மூங்கில் படலும் சேர்ந்த மதில். முளைக்குச்சிகளை அடித்து வலையை இழுத்துக் கட்டி முடிக்க அரை மணி நேரம்கூட ஆவதில்லை. அதற்குள் சில நூறு ஆடுகள் போய் அடைந்துகொள்கின்றன. மறுநாள் விடிந்து பார்த்தால் மதில் இருந்த இடத்தில் புழுக்கையும் குளம்புத் தடமும் மட்டும் கிடக்கும். மதில் பக்கத்துக் காட்டுக்குப் போயிருக்கும்.

வெட்டவெளியில் பழைய சாமான்களோடு இராத் தங்குவதைப் பற்றி யோசிக்கும்போது எனக்குக் கண்ணில் நிற்பது இந்தக் கிடைதான். கூடாரம் கட்டி மலையில் தங்கிவரும் இளைஞர்கள் இன்று தமிழ்நாட்டில் நிறையப் பேர். அவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இரவைத் திறந்தவெளியில் கழிப்பதற்கு ஒரு மனிதனுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்துப் பார்த்து முடிவு செய்தவர்கள் கிடைக்காரர்கள். பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் ஆடு வளர்க்கும் உள்ளூர்க்காரர்கள் உண்டு. தை அறுவடைக்குப் பிறகு இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து மந்தையோடு காவிரிப் படுகைக்கு நடந்து வரும் கீதாரிகளும் உண்டு. இவர்களில் யாரும் இயற்கையை ரசிக்க வெளியில் படுப்பவர்கள் அல்லர். ஆடு எங்கே படுக்கிறதோ அங்கே இவர்களும் படுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாமான்களைப் பார்க்கலாம். வலை, முளைக்குச்சி, படல். தழை ஒடிக்கத் தொரட்டி. கையில் கம்பு. தண்ணீருக்கு முன்பு சுரைக்குடுவை, இப்போது பிளாஸ்டிக் குடம். கூழுக்குத் தூக்குவாளி. மழைக்குச் சாக்கை மூலைக்கு மூலை மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணி. குளிருக்குக் கம்பளி. வெளிச்சத்துக்கு அரிக்கேன் விளக்கு இருந்தது, இப்போது கைபேசியின் டார்ச் வந்துவிட்டது. அடுப்புக்கு எதுவும் சுமக்க வேண்டியதில்லை. எந்தக் காட்டிலும் மூன்று கல் கிடைக்கும்.

இவற்றில் இரண்டைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல ஆசை. ஒன்று, குட்டிகளை அடைக்கும் குடாப்பு. ஊருக்கு ஊர் உச்சரிப்பு மாறும், வடிவம் பெரிதாக மாறாது. மூங்கில் சிம்பையோ வளாரையோ வளைத்துப் பின்னி, தேவைப்பட்டால் மேலே பனையோலை போர்த்திய கவிகைக் கூண்டு. பகலில் பெரிய ஆடுகள் மேயப் போகும்போது, நடக்க முடியாத பிஞ்சுக் குட்டிகள் இதற்குள் இருக்கும். இரவில் நரியிடமிருந்தும் நாயிடமிருந்தும் அவற்றைக் காப்பதும் இதுவே. கிடை இடம் மாறும்போது ஒரு ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடலாம். திடீர் மழையில் குட்டிகளோடு குட்டியாக மேய்ப்பவரும் அதற்குள் ஒடுங்கிக்கொள்வார். மனிதனுக்கென்று தனியாக ஒரு கூரையைச் சுமக்க வேண்டும் என்று கிடையில் யாருக்கும் தோன்றியதில்லை. குட்டிக்குச் செய்த கூரையில் ஆள் புகுந்துகொள்கிறார். எனக்கு இந்த வரிசை பிடித்திருக்கிறது.

இரண்டாவது கம்பளி. இந்த மாவட்டத்தின் சொந்த ஆடு திருச்சி கருப்பு என்று கால்நடைத் துறைப் பதிவில் இருக்கும் இனம். ஊரில் கருங்குறும்பை. பெரம்பலூர், திருச்சி, கரூர், சேலம், தருமபுரி வரை பரவியது. உச்சி முதல் குளம்பு வரை கறுப்பு. கிடாய்க்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. அதன் மயிர் முரடு, சால்வைக்கும் ஸ்வெட்டருக்கும் ஆகாது. ஆனால் அந்த முரட்டு மயிரைக் கத்தரித்து, அடித்து, ராட்டையில் நூற்று, புளியங்கொட்டைப் பசை ஏற்றி, குழித்தறியில் நெய்த கரும் கம்பளிதான் தலைமுறைகளாக ஆட்டுக்காரரின் வீடு. குறும்பர்களின் கைத்தொழில் அது. சாயம் போட வேண்டியதில்லை, ஆட்டின் நிறமே கம்பளியின் நிறம்.

அதன் குணத்தைச் சொன்னால் நம்புவது கடினம். ஆட்டு மயிர் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகக் காட்டாது. ஈரத்தை உள்வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடும். அதனால் மார்கழிப் பனியில் நனைந்த கம்பளியும் ஆளை விறைக்க விடுவதில்லை. அடுப்புப் பொறி தெறித்து விழுந்தால் அந்த இடம் மட்டும் கருகி அணையும். நைலான் கூடாரத்திலோ தூங்கு பையிலோ அதே பொறி விழுந்தால் உருகி ஓட்டை விழுந்துவிடும். போர்வை, விரிப்பு, மழைக்குக் கொங்காணி, நோய்ப்பட்ட குட்டியைச் சுற்றும் துணி, தழைக்கட்டு சுமக்கும் சும்மாடு என்று ஒரே கம்பளி ஐந்து வேலை செய்யும். எடைதான் அதன் குறை. கனக்கும். பகலில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் நடப்பவரைப் பார்த்தால் நமக்கு வியர்க்கும். அவரோ அது வெயிலையும் தடுக்கிறது என்பார்.

இந்தப் பட்டியல் தமிழில் புதியது அல்ல. நற்றிணையின் 142ஆம் பாட்டில் இடைக்காடனார் ஓர் இடையனைக் காட்டுகிறார். பால் விற்று வருபவன். உறி, தீக்கடைகோல், கருவிகளை இட்ட பை, இவற்றை ஆட்டுத்தோலோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருக்கிறான். முதுகில் ஓலைப் பாய். மழையின் கடைசி நாள், தூறல் உடம்பின் ஒரு பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கிறது. கோலை ஊன்றி அதில் ஒரு காலை வைத்து ஒடுங்கி நின்றபடி நாக்கை மடித்துச் சீழ்க்கை அடிக்கிறான். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆட்டு மந்தை வேறெங்கும் போகாமல் நின்றுவிடுகிறது. ஆராய்ச்சியாளர் ஒருவர் இன்று கிடைக்குப் போய்க் குறிப்பெடுத்தாலும் இதைவிடச் சுருக்கமாக, இதைவிட முழுமையாக எழுதிவிட முடியாது. தோல் சாக்காயிற்று, ஓலைப் பாய் தார்ப்பாய் ஆயிற்று, தீக்கடைகோல் தீப்பெட்டியாயிற்று. கோலும் காலும் சீழ்க்கையும் அப்படியே இருக்கின்றன.

அந்தப் பாட்டில் பேசுபவன் இடையன் அல்லன். வேலை முடித்துத் தேரில் வீடு திரும்பும் தலைவன் ஒருவன், வழியில் உள்ள இந்தக் காட்சியைத் தேர்ப்பாகனிடம் சொல்லிக்கொண்டு வருகிறான். பாட்டு எங்கே போய் முடிகிறது என்றால், நள்ளிரவில் விருந்து வந்தாலும் மகிழ்கிற அவன் மனைவியின் ஊரில். மழையில் வெளியே நிற்கும் இடையனையும் கதவு திறந்த வீட்டையும் ஒரே பாட்டுக்குள் வைக்கத் தெரிந்திருக்கிறது அந்தக் கவிஞருக்கு. வெளியில் இரவைக் கழிப்பது என்பது தனியாளின் சாமர்த்தியம் மட்டும் அல்ல, யாரோ ஒருவர் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நிலமோ வீடோ உடையவர் ஒருவர்.

ரஞ்சன்குடியில் அப்படிச் சரி என்று சொல்லாத ஓர் இரவும் நடந்திருக்கிறது. 1751ஆம் ஆண்டின் கோடை. ஆற்காட்டு நவாபு பதவிக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிக்கொண்ட காலம். முகமது அலி திருச்சியில் இருந்தார், அவர் பக்கம் ஆங்கிலேயர். சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரர். சந்தா சாகிப் திருச்சியை நோக்கி வரும் வழியை மறிக்க, கேப்டன் ஜின்ஜென்ஸ் தலைமையில் ஆங்கிலப் படை வாலிகண்டபுரத்துப் பக்கம் வந்து தண்டு இறங்கியது. வரலாற்றில் இதை வாலிகொண்டாப் போர் என்று எழுதுகிறார்கள். அதைச் சற்று விரிவாக எழுதியவர் அக்கால ஆங்கில வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம். கோட்டையின் தலைவர் இரண்டு பக்கத்தாரிடமும் பேசிக்கொண்டே இருந்தார், இரண்டு பக்கத்துக்கும் கதவைத் திறக்கவில்லை. பொறுமையிழந்த ஆங்கிலப் படை ஓர் இரவு மண்மதில் சூழ்ந்த பேட்டைக்குள் புகுந்து வீடுகளுக்குத் தீ வைத்தது. கற்கோட்டையை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிறகு பிரெஞ்சுப் படை எதிரே வந்தபோது ஆங்கிலப் படையில் பெரும் பகுதி கலைந்து ஓடியது. ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கினார்கள். அந்தப் படைக்கு உணவுப் பொருள்கள் சேகரித்துக் கொடுக்கும் பொறுப்பில் இருந்த இளைஞர் ராபர்ட் கிளைவ். அவர் ஆற்காட்டைப் பிடித்துப் பேர் வாங்கியது அதே ஆண்டில், இதற்குப் பின்னால்தான்.

போர்க்கதையை நான் இங்கே கொண்டுவருவது அந்த உணவுப் பொறுப்புக்காக. 18ஆம் நூற்றாண்டுப் படை ஒன்று ஓரிடத்தில் இரவு தங்குவது என்றால், சண்டையிடுபவர்களைவிட அவர்களுக்குப் பின்னால் வருபவர்கள் பெரும்பாலும் அதிகம். கித்தான் கூடாரங்களைச் சுமக்கும் பொதிமாடுகள், அவற்றை ஓட்டுபவர்கள், சமையல்காரர்கள், கடைக்காரர்கள், குடும்பங்கள். அத்தனை பேருக்கும் விறகு, அத்தனை மாடுகளுக்கும் தட்டை, அத்தனை வாய்களுக்கும் தானியம். எல்லாம் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வர வேண்டும். விலை கொடுத்து வந்ததும் உண்டு, பறித்து வந்ததும் உண்டு. படை போன பிறகு அந்த நிலத்தில் என்ன விளைந்திருக்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எரிந்த பேட்டையின் ஆட்கள் மறு ஆடியில் எதை விதைத்தார்கள் என்பதையும் எழுதவில்லை. கோட்டை மதிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

ஒரு சித்திரை மாதத்தில், கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அறுத்துப் போட்ட பருத்திக் காட்டில் கிடை மறித்திருந்தவர்களோடு படுத்திருந்தேன். கயிற்றுக் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுப் பெரியவர் தரையில் சாக்கு விரித்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கிடையின் இரவைப் பற்றி நினைக்கும்போது பலர் அமைதியை எதிர்பார்ப்பார்கள். கிடையில் அமைதி கிடையாது. நெடுஞ்சாலையில் லாரிகள் விடாமல் போகும். ஆடுகள் தும்மும், இருமும், பல்லை அரைத்து அசைபோடும். தாயைத் தேடிக் குடாப்புக்குள்ளிருந்து குட்டி கத்தும், கிடைக்குள்ளிருந்து தாய் பதில் கத்தும், எந்தக் குட்டிக்கு எந்தத் தாய் என்று பெரியவருக்கு இருட்டிலேயே தெரியும். நாய் ஒரு திக்கைப் பார்த்துக் குரைத்தால் எழுந்து உட்காருவார், வேறு திக்கைப் பார்த்துக் குரைத்தால் புரண்டு படுப்பார். மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும்.

நடு இரவு தாண்டியிருக்கும். பெரியவர் என்னை எழுப்பினார்.

“தம்பி, எந்திரிங்க. ஆட்ட எழுப்பணும்.”

“எதுக்குங்கய்யா? மழை கிழை வருதா?”

“மழ இல்ல. படுத்தே கெடந்தா ஒரே எடத்துல நின்னுபோயிரும். எழுப்பி வுட்டாத்தான் மூத்திரம் பேயும். அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிப் படுக்க வெக்கணும். காட்டுக்காரரு நாளைக்கி வந்து பாப்பாரு, எங்கெங்க நனைஞ்சிருக்குன்னு.”

ஒரு பக்கத்து வலையை அவிழ்த்து நகர்த்தி, மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே மந்தையை எழுப்பினார். படுத்திருந்த ஆடு எழுந்ததும் முதலில் செய்வது மூத்திரம் பெய்வதுதான். பிறகு புதிய இடத்தில் கால் மடித்துப் படுத்துக்கொண்டன. இரவுத் தங்கலின் கணக்கு அத்தனையும் அந்த ஒரு வேலைக்குள் இருந்தது. காட்டுக்காரர் கிடைக்குப் பணம் கொடுப்பது இதற்குத்தான். முன்பு கம்பாகவோ சோளமாகவோ நெல்லாகவோ அளந்தது, இப்போது ராத்திரிக்கு இவ்வளவு என்று பணமாகப் பேசுகிறார்கள்.

ஏன் கொடுக்கிறார்கள் என்பதை வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கே சொல்லும். ஆட்டு எருவில் சராசரியாக 3 சதவீதம் தழைச்சத்து, 1 சதவீதம் மணிச்சத்து, 2 சதவீதம் சாம்பல்சத்து. சாதாரணத் தொழுவுரத்தில் இவை முறையே 0.5, 0.2, 0.5 என்ற அளவில்தான். அதிலும் கொட்டிலில் அடைத்த ஆட்டின் புழுக்கையை அள்ளிக்கொண்டு வந்து போட்டால் மூத்திரத்தின் சத்து கொட்டில் தரையோடு போய்விடும். கிடை போட்டால் இரண்டும் நேராக மண்ணில் இறங்கும். மூத்திரத்தில் உள்ள யூரியா மண்ணில் பட்டதும் அம்மோனியாவாக மாறத் தொடங்கும். இரவில் கண்ணைக் கரித்தது அதுதான். கரிசல் மண்ணின் காரத்தன்மையில் அது இன்னும் சுலபமாகக் காற்றில் பறக்கும். அதனால் கிடை எழுந்த கையோடு மேலாக ஓர் உழவு ஓட்டி மண்ணோடு கலந்துவிட வேண்டும். தாமதித்தால் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி காற்றோடு போகும். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம் என்று நம் ஆட்கள் சொல்வது இந்த வேகத்தைப் பார்த்துத்தான். ஆவணி, புரட்டாசியில் மானாவாரியாக மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கும் இந்த மாவட்டத்தில், சித்திரையில் கிடை கிடந்த சதுரம் எது என்று பயிரின் பச்சையைப் பார்த்தே அடையாளம் சொல்லலாம்.

மேற்கு நாடுகளில் முகாம் போடுவது ஓய்வுநாள் வழக்கமாகி நூறாண்டுக்கு மேலாகிறது. இங்கிலாந்தில் 1901இல் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் சங்கம் வைத்தார்கள். அதன் முன்னோடியான தாமஸ் ஹோல்டிங் 1908இல் முகாம் போடுபவர்களுக்கு ஒரு கையேடே எழுதினார். இன்று அங்கே பருத்திக் கித்தான் கூடாரம், கம்பளிப் போர்வை, எண்ணெய் விளக்கு என்று பழைய சாமான்களை விரும்பித் தேடிப்பிடித்து இரவு தங்குபவர்கள் உண்டு. அவர்களின் ஆசை எனக்குப் புரிகிறது. கையால் செய்த பொருளைக் கையில் பிடித்திருக்கும்போது மனம் நிலைகொள்ளும். ஆனால் இன்றைய முகாமின் தலையாய நெறி, போன இடத்தில் தடம் எதையும் விட்டுவராதே என்பது. சாம்பலைக்கூட அள்ளிவிடு, கழிவைக் குழிதோண்டிப் புதை, நீ வந்ததே தெரியக்கூடாது. அந்த நெறி சரியானது. நெகிழிக் குப்பையும் உடைந்த பாட்டிலுமாகக் கிடக்கும் நம் மலைப்பாதைகளைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள்.

கிடையின் நெறி நேர் எதிரானது. இவர்கள் விட்டுச்செல்லும் தடத்துக்காகத்தான் அழைக்கப்படுகிறார்கள். தடம் குறைந்தால் கூலி குறையும். நகர மனிதன் நிலத்தில் இரவு தங்கினால் நிலத்துக்குத் தீங்கு என்றே எண்ண வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவனிடம் நிலத்துக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அவன் கொண்டுவரும் எதுவும் அங்கே மக்கிச் சேராது. ஆட்டுக்காரரின் சாமான்களோ ஆட்டிலிருந்தும் பனையிலிருந்தும் மூங்கிலிலிருந்தும் வந்தவை. வலைநூலும் தார்ப்பாயும் நைலானாகிவிட்ட இந்தக் காலத்திலும் அவருடைய இரவின் பெரும் பகுதி மண்ணுக்கே போகிறது. ஒரு இடத்தில் தங்கி, அந்த இடத்தை முன்பைவிட நல்ல நிலையில் விட்டுப்போகும் மனிதர்களை நம் காலத்தில் வேறு எங்கே காட்ட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளிலும் இதே முறை இருந்திருக்கிறது. வளாரால் பின்னிய படல்களை வயலில் நட்டு, இரவில் ஆட்டை அடைத்து, மறுநாள் படலை நகர்த்தி, தானிய நிலத்துக்கு உரமேற்றினார்கள். மேய்ப்பவருக்குச் சக்கரம் வைத்த மரக்குடில் இருந்தது. தாமஸ் ஹார்டியின் 1874ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் அதன் நாயகன் அப்படிப்பட்ட குடிலில் கதவையும் பலகணியையும் சாத்திக்கொண்டு தூங்கி மூச்சுமுட்டிச் சாகப் பார்ப்பான். செயற்கை உரம் வந்தது, படல் போயிற்று. குடில் மட்டும் மிஞ்சி இப்போது விடுமுறைத் தங்குமிடமாக விற்கிறது. பிரதமர் பதவியிலிருந்து விலகிய டேவிட் கேமரன் தன் நினைவுகளை எழுத 2017இல் அப்படியொன்றை வாங்கித் தோட்டத்தில் வைத்தார். ஸ்பெயினில் வேறு வழி நடந்தது. அங்கே ஆட்டுக்காரர்களின் சங்கத்துக்கு அரசன் பத்தாம் அல்ஃபோன்சோ 1273இல் அதிகாரம் அளித்தான். மந்தை நடக்கும் பாதைகள் சட்டத்தில் ஏறின. இன்றும் அவை பொதுச்சொத்து. ஆண்டுக்கு ஒருமுறை மாட்ரிட் நகரத்தின் நடுவில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் அந்த உரிமையை நினைவூட்டுகிறார்கள்.

நம்மிடம் எந்தப் பாதையும் ஏட்டில் இல்லை. இந்தக் கவலைதான் என்னை எழுத வைத்தது. திருச்சி–சென்னைச் சாலை நான்கு வழியான பிறகு மேற்குக் காட்டிலிருந்து கிழக்குக் காட்டுக்கு மந்தையைக் கடத்துவது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. மேய்ச்சல் புறம்போக்குகள் சுருங்கிவிட்டன. களைக்கொல்லி அடித்த வரப்பில் எதை நம்பி ஆட்டை விடுவது? மழைக்குத் துளிர்த்த இளஞ்சோளத்தில் நஞ்சு உண்டு என்று மேய்ப்பவருக்குத் தெரியும், அதை விலக்கி ஓட்டுவார். தெளித்த மருந்து கண்ணுக்குத் தெரியாது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. நாடோடி மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சல் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் இரவில் எந்தக் கண்மாய்க் கரையில் படுப்பது என்று தேடும் கீதாரிக்கு அந்தச் சட்டத்தை யார் எடுத்துச் சொல்வது?

கருங்குறும்பையின் மயிருக்கு விலை இல்லை. கத்தரிக்கிற கூலிக்குக்கூடத் தேறாது. நெய்பவர்களின் பிள்ளைகள் தறியை விட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள், போவதுதான் நியாயம். கிடையில் இப்போது போர்த்துவது பெரும்பாலும் செயற்கை இழைப் போர்வை. அதில் ஒரு பொறி விழுந்து உருகிய ஓட்டையை அன்றிரவு பெரியவர் காட்டினார். சும்மா காட்டினார், வருத்தமாக ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வாழ்க்கையை அழகாக்கிக் காட்டும் ஆசை எனக்கு இல்லை. சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவலைப் படித்தவர்களுக்கு, கிடையோடு அலையும் பெண்களின் பாடு என்னவென்று தெரியும். பயிரில் ஆடு விழுந்ததில் தொடங்கி ஊரின் சாதியைத் தோலுரிக்கும் கி. ராஜநாராயணனின் ‘கிடை’ அம்ஷன் குமாரின் இயக்கத்தில் ‘ஒருத்தி’ என்ற படமாக 2003இல் வந்தது. ஊர் ஊராகப் போகிறவர்கள் மீது உள்ள சந்தேகம் இன்னும் தீரவில்லை. திருட்டு நடந்தால் முதலில் விசாரிக்கப்படுவது கிடைக்காரர்தான். குழந்தைகளின் படிப்பு அறுந்து அறுந்து போகிறது. பாம்புக்கடிக்கு ஓட வேண்டிய ஆஸ்பத்திரி தூரம். கிடையில் பிறந்தவர்கள் கிடையை விட்டுப் போக விரும்பினால் அவர்களை நிறுத்தும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் விரும்பி இருப்பவர்களும் தோற்றுப்போகிற விதமாக நிலத்தை நாம் மாற்றிக்கொண்டிருக்கிறோம். யூரியா மூட்டைக்கு அரசு தரும் மானியத்தில் சிறு பங்காவது, ஒரு ராத்திரி கிடைக்குப் பணம் கொடுக்கும் விவசாயிக்குப் போகக்கூடாதா? ஒன்றியத்துக்கு ஒரு மேய்ச்சல் புறம்போக்கையாவது, மந்தை இறங்கித் தண்ணீர் குடித்துப் படுக்கும் இடமென்று ஏட்டில் எழுதிவைக்கக்கூடாதா? ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. ஊராட்சி ஏடுகளில் இரண்டு வரி ஏறினால்தான் அந்த அறிவிப்புக்கு ரஞ்சன்குடியில் பொருள் இருக்கும்.

காலையில் காட்டுக்காரர் டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் வந்து இறங்கினார். டீயும் ஒரு பொட்டலம் முறுக்கும் கொண்டுவந்திருந்தார். வலை கிடந்த சதுரத்தைக் காலால் கீறிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“மேக்கால மூலையில கொஞ்சம் காஞ்சாப்ல இருக்கே, பெரியவரே.”

“அது மேடு. ஆடு மேட்டுல தலைய வெச்சு, பள்ளத்துல வாலப் போட்டுப் படுக்கும். இன்னிக்கி ராத்திரி வலைய மேக்க இழுத்துப் போட்டுத் தாரேன்.”

“இன்னொரு ராத்திரி சேத்துப் போடுங்க. அந்த மூலையிலதான் போன வருசம் பருத்தி ஏறவே இல்ல.”

“ரெண்டு ராத்திரி ஆவும். வேப்பந்தட்டையில சொல்லி வெச்சிருக்காங்க, அவங்களுக்கு ஒரு வார்த்த சொல்லணும். தண்ணிக்கு மட்டும் மோட்டார கொஞ்சம் போட்டு வுடுங்க.”

“கரண்டு பதினோரு மணிக்குத்தான் வரும். வந்ததும் தொட்டிய நெறச்சு வுடச் சொல்றேன்.”

பணத்தை எண்ணிக் கொடுத்தார். பெரியவர் இரண்டாம் முறை எண்ணிப் பார்க்காமல் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, படலை அவிழ்க்கப் போனார்.